தங்காத சரக்கு

பாசிர் பாஞ்சாங். முப்பத்தொன்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை போட்ட கூண்டு.
கால்களுக்கிடையே கப்பல் தெரியும்.
கழிவறை தெரியாது.
அது லிஃப்டில் இறங்கி
மஞ்சள் கோட்டோரமாய் நடந்து
மூன்றாம் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால்.
ஆறு நிமிடம். ஓடினால் நான்கு.
என் குடல் கொடுக்கும் தவணை இரண்டு.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று
ஜனங்கள் சும்மா சொல்கிறார்கள்.
எனக்கு அது உவமை இல்லை.
பெருங்குடல் அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள்.
வீட்டுக் காவலாளியே வீட்டைக் கொளுத்துகிறானாம்.

"லாகி?" என்பான் ரோஸ்லான் வாக்கிடாக்கியில்,
மறுபடியுமா என்று.
கேலி இல்லை. எனக்குப் பதில் ஏறுகிறவன் அவன்தான்.
பெட்டியைத் தொங்கவிட்டு இறங்கக் கூடாது, அதுதான் சட்டம்.
ஒருநாள் பெட்டியைப் பத்திரமாய் இறக்கிவைத்தேன்.
மாற்றுக் கால்சட்டையை அவன் கொண்டுவந்தான்.
அதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை.

குன்றின்மேல் மருத்துவமனையில்
ஆய்வுத் தாதி மரிசெல்
வெள்ளிநிறப் பொட்டலங்களை எண்ணித் தந்தாள்.
"மிஸ்டர் வீரா, காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
வெந்நீரில் கலக்காதீர்கள், செத்துப்போகும்."
எது?
"பாக்டீரியா. இருந்தால்."
இருந்தாலா?
பாதிப் பேருக்கு நாற்பத்தைந்தாயிரம் கோடி உயிர்,
பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது,
டாக்டர் கோவுக்கும் தெரியாது.
பழைய மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

இருபத்திரண்டு வருஷமாய்ப் பெட்டி தூக்குகிறேன்.
உள்ளே சைக்கிளா செருப்பா உறைந்த கோழியா,
ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
ஆனால் காலிப் பெட்டியைக் கயிறே சொல்லிவிடும்,
எழும்பும்போது ஒரு துள்ளல்.
பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன்.
துள்ளவில்லை.
கனக்கவும் இல்லை.

ஃபிரிட்ஜில் இட்லிமாவுக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.
மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது மாவு.
"இதுல இருக்குறது நிச்சயம்" என்றாள் புஷ்பராணி,
"உங்க பாக்கெட்டுக்குத்தான் சாட்சி இல்ல."

தங்கிவிடுமா என்று டாக்டர் கோவிடம் கேட்டேன்.
"பெரும்பாலும் தங்காது. வரும், சில நாள் வேலை பார்க்கும், போய்விடும்.
அதனால்தான் தினமும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நான் இறக்கும் பெட்டிகளில் முக்கால்வாசி
இந்த ஊர்ச் சாலையைப் பார்ப்பதே இல்லை.
ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறும்.
போகிற போக்கில்தான் எனக்குச் சோறு போடுகின்றன.
என் புளோக்கைக் கட்டியவர்களில்
ஒருவர்கூட அதில் குடியில்லை.

நோட்டில் தினமும் எழுத வேண்டும்,
எத்தனை தடவை, ரத்தம் எவ்வளவு என்று.
ஐந்தாம் வாரம் ஒன்பது ஆறானது.
ஆறிலேயே நின்றது, பிடிவாதமாய்.
தீபாவளிக்கு மறுநாள் பத்து. அது என் குற்றம்.
அப்புறம் ஒரு புதன்கிழமை, மூன்று.
ரத்தம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட
பேனா யோசித்தது.

வயிற்றில் பால் வார்த்தாற்போல் என்பார்களே.
வார்த்தது யார்?
பொட்டலமா, பழைய மாத்திரையா,
எரிந்து எரிந்து தானே ஓய்ந்த நெருப்பா?
முத்திரையிட்ட பட்டியலை
அடுத்த ஆண்டுதான் பிரிப்பார்களாம்.
அதுவரை யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல்
தினம் இருவேளை
குளிர்ந்த நீரில் கலக்கி, ஒரே மூச்சில்.

நேற்று இரவு நான்கு மணி நேரம் நான் இறங்கவில்லை.
ரோஸ்லான்தான் கூப்பிட்டான்: "ஓகேவா?"
தெரியலை என்றேன்.
அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.
கயிறு லேசாய்த் துள்ளியது. காலி.
அதையும் மெதுவாகத்தான் இறக்கினேன்.